கையெழுத்துக்கு முன்னாடி: இந்த வார கேள்வி-பதில்

கேள்வி (செந்தூல்): கூட வேல செய்யுற ஒருத்தர் தன்னோட மைவி கார சம்போங் பாயாருக்கு (அவர் பேர்ல இருக்குற கார் கடன இன்னொருத்தர் தொடர்ந்து கட்டி கார ஓட்டுறது) விடுறாரு. முன்பணம் 3,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்), அப்புறம் மாசா மாசம் 520 அவர் அக்கவுண்ட்ல போடணும். எனக்கு பேங்க்ல லோன் கிடைக்கல. எடுக்கலாமா?

பதில்: வேணாம் தம்பி. இதப் பத்தி எத்தன தடவ எழுதுனாலும் கேள்வி வந்துகிட்டே இருக்கு, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்லிடுறேன். கடன் முடியற வரைக்கும் கார் பேங்குக்குதான் சொந்தம், அத உங்களுக்குத் தர அவருக்கே உரிமை கிடையாது. பேங்குக்குத் தெரியாம கைமாத்தி விட்டா 1967 ஹையர் பர்சேஸ் (தவணையில வாங்குறது) சட்டப்படி அவருக்கு 30,000 வெள்ளி வரைக்கும் அபராதம், இல்ல 3 வருஷம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேந்தும் வரலாம்.

சரி, அது அவர் பாடு. உங்க பக்கம் வாங்க. நீங்க ஒழுங்கா 520 போடுறீங்க, அவர் அத வீட்டு செலவுக்கு எடுத்துக்கிறாரு. தொடர்ந்து ரெண்டு மாசம் கட்டலன்னா பேங்க் நோட்டீஸ் அனுப்பும், 21 நாள் டைம் தரும், ஆனா அந்த நோட்டீஸ் போறது அவர் வீட்டுக்கு, உங்க வீட்டுக்கு இல்ல. ஒருநாள் காலையில வேலைக்குக் கிளம்பி ஃப்ளாட்டுக்குக் கீழ வந்தா கார் இருக்காது. போலீஸ்ல போய் என்னன்னு ரிப்போர்ட் கொடுப்பீங்க? கிரான்ல (கார் பதிவு அட்டை) உங்க பேரு இல்ல, லோன்ல இல்ல, இன்சூரன்ஸ்லயும் இல்ல. வேணும்னே ஸ்பேர் சாவிய வச்சிருந்து ராத்திரியோட ராத்திரியா ஓட்டிட்டுப் போயி அதே கார அடுத்த ஆளுக்கு விடுறவங்களும் இருக்காங்க. எல்லாம் நல்லபடியா போயி கடைசி மாசம் வரைக்கும் கட்டி முடிச்சாலும் ஜேபிஜேல (சாலைப் போக்குவரத்து இலாகா) அவர் ஒத்துக்கிட்டாதான் பேரு மாறும், அன்னிக்கு அவர் முடியாதுன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க? பேங்க் ஏன் லோன் தரலன்னு முதல்ல கேளுங்க, பழைய கடன்தான் காரணம்னா ஏகேபிகேவுக்கு (கடன் ஆலோசனை நிறுவனம்) போங்க, ஆலோசனைக்கு காசு வாங்க மாட்டாங்க. அதுவரைக்கும் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் உங்க பேர்லயே இருக்கட்டும், அது போதும்.

கேள்வி (கெப்போங்): லோன் ஏஜெண்ட் என் ஏடிஎம் கார்டையும் பின் நம்பரையும் கேக்குறாரு. கொடுக்கலாமா?

பதில்: கூடாது. அந்த ஆள் நம்பர பிளாக் பண்ணுங்க. அவசரம்னா நகைய லைசென்ஸ் உள்ள அடகுக்கடையில வைங்க, சட்டப்படி மாசம் 2 விழுக்காட்டுக்கு மேல வட்டி கேக்க முடியாது.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ்): செகண்ட் ஹேண்ட் கார் ஒண்ணு மார்க்கெட் விலையவிட 6,000 வெள்ளி கம்மியா வருது. வெள்ளத்துல மாட்டுன காரான்னு எப்படி தெரிஞ்சுக்கிறது?

பதில்: சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுங்க. கார கழுவுறவன் கையெட்டுற வரைக்கும்தான் பெல்ட்ட கழுவுவான், உள்ள சுருண்டு கிடக்குற பாகத்துல சேறு கோடு போட்ட மாதிரி அப்படியே நிக்கும். அப்புறம் பின்னாடி ஸ்பேர் டயர தூக்கி, அடியில துரு இருக்கான்னு பாருங்க. 2021 டிசம்பர்ல ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா பக்கமெல்லாம் முழுகுனப்போ எத்தன கார் தண்ணிக்குள்ள கிடந்துச்சுன்னு எல்லாருமே பாத்தோம். அடுத்த வருஷம் நான் வாங்குன கார் கொஞ்ச மாசத்துலயே வயரிங் மொத்தமும் போயி நடுரோட்டுல நின்னுச்சு, வித்தவர் அதுக்கப்புறம் போனே எடுக்கல. 6,000 கம்மின்னா ஏன் கம்மின்னு அவர் வாயாலயே சொல்ல வைங்க, வெளி மெக்கானிக்க கூட்டிட்டு வரவான்னு கேளுங்க. தயங்குனாருன்னா வந்துருங்க.

கேள்வி (செராஸ்): ரோட்டோரத்துல பில் இல்லாம போன் வாங்குனேன், ரெண்டே நாள்ல லாக் ஆயிருச்சு. யார்கிட்ட கம்ப்ளைண்ட் பண்றது?

பதில்: யாரு மேல? கடையும் இல்ல, பேரும் இல்ல, பில்லும் இல்ல. திருட்டு போனா இருந்தா நீங்கதான் பதில் சொல்ல வேண்டி வரும். வாங்குறதுக்கு முன்னாடி எழுதியிருக்கணும்.

கேள்வி (பாயான் லெப்பாஸ்): டெலிகிராம்ல 500 போட்டா 3 மணி நேரத்துல 5,000னு சொன்னாங்க. போட்டேன். இப்ப இன்னும் 800 கட்டுனாதான் பணம் வெளிய வரும்ங்கிறாங்க. வீட்டுக்காரருக்குத் தெரியாது.

பதில்: தங்கச்சி, அந்த 800 கட்டாதீங்க. கட்டுனா அடுத்து 1,500 கேப்பாங்க. இத வாசிச்ச கையோட 997க்கு (பண மோசடி புகார் மையம்) போன் போடுங்க, பேங்குக்கும் சொல்லுங்க, போலீஸ் ரிப்போர்ட் எடுங்க. பணம் அடுத்தடுத்த அக்கவுண்டுக்குக் கைமாறிக்கிட்டே இருக்கும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அவங்க சாட், பேங்க் ரசீது எதையும் அழிக்காதீங்க. வீட்டுலயும் சொல்லிருங்க, ஏமாத்துனது அவனுங்க, நீங்க எதுக்கு தனியா அழணும்?

கேள்வி (பட்டர்வொர்த்): போன வாரம் வீட்டுக்கே வந்து அம்மாகிட்ட 2,800 வெள்ளிக்கு தண்ணி ஃபில்டர் வித்துட்டாங்க. அம்மாவுக்கு மலாய் வாசிக்கத் தெரியாது. கேன்சல் பண்ண முடியாதுங்கிறாங்க.

பதில்: முடியும். வீடு தேடி வந்து விக்கிற வியாபாரத்துக்கு நேரடி விற்பனை சட்டத்துல 10 வேல நாள் அவகாசம் இருக்கு, அதுக்குள்ள ரத்து பண்ணிக்கலாம். போன்ல சண்ட போடாதீங்க. அம்மா பேரு, பில் நம்பர், தேதி, ரத்து பண்றோம்ங்கிற ஒரு வரி, இவ்வளவுதான் கடிதம், நாளைக்கே ரெஜிஸ்டர் தபால்ல அனுப்பி ரசீத வச்சுக்குங்க. ஃபில்டர பயன்படுத்தாதீங்க. பணத்தத் தரலன்னா பயனீட்டாளர் திரிபுனல்ல (நுகர்வோர் புகார விசாரிக்கிற மன்றம்) 5 வெள்ளி கட்டி கேஸ் போடலாம், 50,000 வரைக்கும் அங்க கேக்கலாம், வக்கீலும் வேணாம். அம்மாவத் திட்டாதீங்க, விசாரணைக்குக் கூடவே போங்க.