வெறும் உலை வேலை

அன்புள்ள ஆசிரியருக்கு,

பயன்பாட்டு இயற்பியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். மூன்று ஆண்டுகளாக மெல்லிய படலங்களை உலையில் வைத்துச் சூடாக்கி அளந்துகொண்டிருக்கிறேன். கோட்பாட்டு இயற்பியல் படிக்கும் நண்பர்கள் 'இது வெறும் உலை வேலை' என்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. வெளிநாடு போய்த் துறை மாறலாமா?

க.

அன்புள்ள க.,

வெளிநாடு போவதை உங்கள் வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். நண்பர்களையும் விடுங்கள். அந்த 'வெறும்' என்ற சொல்லை நீங்களே நம்பிவிட்டீர்களே, அதுதான் எனக்குக் கோபம்.

போன வாரம் எங்கள் சமையலறை எல்இடி பல்பு அணைந்துபோனது. மூடியைக் கழற்றிப் பார்த்தேன். வட்டத் தகட்டில் சின்னச் சின்ன மஞ்சள் சதுரங்கள். ஒன்றின் நடுவில் மட்டும் ஊசிமுனை அளவு கரும்புள்ளி. மஞ்சள் பூச்சுக்கு அடியில் நீல ஒளி தரும் காலியம் நைட்ரைடு இருக்கிறது. இரண்டும் கலந்துதான் நமக்கு வெள்ளை வெளிச்சம். அதையே நினைத்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது.

எல்இடி ஒளிர, நேர்மின் துளைகளால் மின்சாரம் கடத்தும் 'பி வகை'ப் பகுதியும் வேண்டும். காலியம் நைட்ரைடு படிகத்தில் மக்னீசியம் சேர்த்தும் அந்தப் பி வகைக் குறைகடத்தி ஆண்டுக்கணக்கில் கைகூடவில்லை. பலர் நீல ஒளிக்கு துத்தநாக செலினைடு என்ற வேறு பொருளின் பக்கம் போய்விட்டார்கள். 1989-இல் ஜப்பானின் நகோயாவில் அகாசாகியும் அவருடைய மாணவர் அமானோவும் எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி அதைச் சாதித்தார்கள். ஆனால் கற்றையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே போக வேண்டும். தொழிற்சாலைக்கு அது ஒத்துவராது.

1992-இல் டோக்குஷிமாவில், நிச்சியா நிறுவனத்தின் நகமுராவும் உடன் பணியாற்றியவர்களும் அதே வகைப் படலத்தை நைட்ரஜன் வாயுவில் 700 டிகிரிக்கு மேல் சூடாக்கினார்கள். கவனியுங்கள், சூடாக்கினார்கள், அவ்வளவுதான். 10 லட்சம் ஓம் சென்டிமீட்டராக இருந்த மின்தடைத்திறன் 2-க்கு இறங்கியது. அம்மோனியாவில் சூடாக்கினால் மறுபடியும் ஏறியது. குற்றவாளி ஹைட்ரஜன் என்று அப்போதுதான் பிடிபட்டது. படிகம் வளர்க்கும் அம்மோனியாவிலிருந்து வந்து மக்னீசியத்தோடு ஒட்டிக்கொண்டு அதை முடக்குகிறது. சூடு அந்த ஹைட்ரஜனை விரட்டுகிறது. ஏன் என்ற கேள்விக்கு விடையும் தொழிற்சாலைக்கு வழியும் ஒரே உலையிலிருந்து வந்தன. அதில் எது இயற்பியல், எது வெறும் வேலை? உங்கள் நண்பர்கள் பிரித்துக் காட்டட்டும். அடுத்த ஆண்டே பிரகாசமான நீல எல்இடி வந்துவிட்டது. 2014-இல் நோபல் பரிசு மூவருக்கும்.

இன்னொன்று. எந்தப் படலம், எந்த வாயு, எத்தனை டிகிரி என்று உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. மூன்று ஆண்டு கூடவே இருந்ததைச் சொல்ல என்னப்பா கூச்சம்? அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள். மாதிரி விரிசல் விட்ட நாட்களையும் சேர்த்து எழுதுங்கள்.