நாரா பாதையில் ஒரு நாள்: சைவ மாமியாரோடு ஜப்பான் ரயில் பயணம்

கோவை வாசகி ஒருவரின் கேள்வி: மே மாத விடுமுறையில் ஜப்பான் போகிறோம். நான், கணவர், 9 வயது மகன், 5 வயது மகள், 68 வயது மாமியார். தங்குவது ஒசாகாவில். ஒரே நாளில் கியோட்டோ, நாரா இரண்டையும் ரயிலில் பார்த்துவிட்டுத் திரும்ப முடியுமா? ஜே.ஆர். பாஸ் (ஜப்பான் ரயில்வேயின் பயணப் பாஸ்) வாங்க வேண்டுமா? மாமியார் சுத்த சைவம், முட்டைகூட ஆகாது. அவர் சாப்பாடுதான் பெரிய கவலை.

முடியும். ஆனால் கியோட்டோவில் பார்க்க வேண்டும் என்று எழுதி வைத்திருப்பதில் முக்கால்வாசியை வேறு நாளுக்குத் தள்ளுங்கள். தங்கக் கோயில் ஒரு மூலை, அராஷியாமா மூங்கில் காடு இன்னொரு மூலை. பேருந்துக்கு நின்றே மாமியாருக்குக் கால் வீங்கிவிடும். கியோட்டோவிலிருந்து நாராவுக்குப் போகும் ஜே.ஆர். நாரா பாதையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஃபுஷிமி இனாரி கோயில், உஜி, நாரா மூன்றும் அந்த ஒரே தடத்தில் வரிசையாக வருகின்றன.

பாஸ் வேண்டாம். 2023 அக்டோபரில் 7 நாள் பாஸின் விலை 50,000 யென்னாக ஏறிவிட்டது. இந்த ஒரு நாள் சுற்றுக்குப் பெரியவர் ஒருவருக்கு 2,500 யென்னுக்குள்தான் ஆகும். மகனுக்கு அரைக் கட்டணம், மகளுக்கு டிக்கெட்டே தேவையில்லை. பெரியவர்கள் ஆளுக்கொரு இகோகா அட்டை வாங்குங்கள், முன்கூட்டிப் பணம் போட்டு நிலைய வாசலில் தட்டிப் போகும் அட்டை அது. ஒரே அட்டையை இரண்டு பேருக்குத் தட்ட முடியாது. 2,000 யென் கொடுத்தால் அதில் 500 முன்பணம், மீதி பயணத்துக்கு. மகனுக்கான சிறுவர் அட்டையைக் கவுன்டரில் பாஸ்போர்ட் காட்டித்தான் வாங்க வேண்டும். அதை முந்தின நாளே முடித்துவிடுங்கள்.

ஒசாகா நிலையத்தில் காலை ஏழே காலுக்குள் 'ஷின்கைசொகு' என்ற விரைவு ரயிலில் ஏறிவிட்டால் அலுவலகம் போகிறவர்களின் நெரிசலில் மாட்டாமல் அரை மணி நேரத்தில் கியோட்டோ. நடைமேடைத் தரையில் முக்கோணம், வட்டம் என்று குறிகள் இருக்கும். அறிவிப்புப் பலகையில் உங்கள் ரயிலுக்கு எந்தக் குறி போட்டிருக்கிறதோ அங்கே வரிசையில் நில்லுங்கள், கதவு அங்கேயே வந்து திறக்கும். 'டொக்கியூ' என்ற சிறப்பு விரைவு ரயில் என்றால் தனிக் கட்டணம். அதில் மட்டும் ஏறிவிடாதீர்கள்.

கியோட்டோவில் மாறி, நாரா பாதையில் இரண்டாவது நிறுத்தம் இனாரி. 'மியாகோஜி' விரைவு ரயில் அங்கே நிற்காது, சாதாரண ரயில்தான் நிற்கும். இதைக் கவனிக்காமல் தாண்டிப் போகிறவர்கள் நிறைய. ஆயிரக்கணக்கான சிவப்பு வாயில்கள் மலை உச்சி வரை போகின்றன. உச்சிக்குப் போய் வர இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், உங்களுக்கு அது வேண்டாம். முதல் வளைவு வரை நடந்துவிட்டுத் திரும்புங்கள். வாயில் சாவியைக் கவ்வியிருக்கும் நரிச் சிலையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். இனாரி நெல்லுக்கான தெய்வம், அது நெற்களஞ்சியத்தின் சாவி.

அடுத்தது உஜி. நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் பியோதோயின் கோயில். அதன் மண்டபம் 1053இல் கட்டியது. 10 யென் நாணயம் ஒன்றை மகன் கையில் கொடுத்து, குளத்துக்கு இந்தக் கரையில் நின்று ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நாணயத்தில் இருப்பது அதே மண்டபம்தான்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். நமக்கு ரசத்துக்குப் பருப்புத் தண்ணீர் மாதிரி அவர்கள் சமையலுக்கு 'தாஷி'. கொம்பு என்ற கடற்பாசியையும், கட்டையாகக் காய்ந்த கட்சுவோ மீனைச் சீவிய செதிலையும் வெந்நீரில் இறக்கிய சாறு அது. தூத்துக்குடிப் பக்கத்து மாசிக் கருவாடும் அதே மீன் வகைதான். மிசோ சூப், உடோன், சோபா நூடுல்ஸ் எல்லாவற்றிலும் இது இருக்கும். என் அம்மாவை முதல்முறை கூட்டிப் போனபோது, படத்தைப் பார்த்துக் காய்கறி உடோன் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்ததும், "கருவாட்டு வாசம் அடிக்குதே" என்று கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டார். கடைக்காரர் ஏமாற்றவில்லை, அவர் கணக்கில் அது காய்கறிச் சாப்பாடுதான். அதனால் சைவமா என்று கேட்காதீர்கள். "கட்சுவோ தாஷி இருக்கிறதா?" என்று ஜப்பானிய மொழியில் போனில் எழுதி வைத்துக் காட்டுங்கள்.

அன்றைக்கு மாமியாரின் மதியச் சாப்பாட்டை ஓட்டலை நம்பி விடவே வேண்டாம். ஜப்பானில் தெருவுக்குத் தெரு இருக்கும் கொன்பினி கடைகளில் சர்க்கரை சேர்க்காத தயிர் கிடைக்கும். 'ஷியோ முசுபி' என்று உப்பு மட்டும் போட்ட சோற்றுருண்டையும் பல கடைகளில் உண்டு. அவர்கள் அரிசி குழைவானது. ஒரு டப்பாவில் உதிர்த்துத் தயிர் விட்டால் அருமையான தயிர் சாதம். உறையின் பின்பக்கத்தைப் போன் கேமராவில் மொழிபெயர்த்துப் பாருங்கள், தயிரில் ஜெலட்டின், உருண்டையில் மீன் சாறு இல்லாததாக எடுக்கலாம். ஊரிலிருந்து பருப்புப் பொடியும் ஊறுகாயும் போதும். பச்சைக் கறிவேப்பிலை, பழம், இறைச்சி எதையும் பெட்டியில் வைக்காதீர்கள், விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். இந்தப் பாதையில் ஓடும் சாதாரண ரயில்களில் சாப்பிடுவது அங்கே வழக்கமில்லை, உஜி ஆற்றங்கரையில் உட்கார்ந்து முடியுங்கள். குப்பைத் தொட்டி தேடினாலும் கிடைக்காது, ஒரு பை வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணவர் அசைவம் என்றால் நாராவில் 'காகினோஹா சுஷி' வாங்கிக் கொடுங்கள். உப்பிட்ட மீனைச் சோற்றோடு அழுத்தி, சீமைப் பனிச்சை இலையில் மடித்தது. கடலே இல்லாத நாராவுக்கு மீன் உப்பில்தான் வந்து சேர்ந்தது, அதன் மிச்சம் இந்தச் சுஷி. மாமியாருக்கு 'யோமோகி மோச்சி': வேகவைத்து இடித்த ஒட்டரிசிக்குள் சிவப்புப் பயறுப் பூரணம், மேலே வறுத்த சோயா மாவு. பூரணக் கொழுக்கட்டை சாப்பிட்டவருக்கு அது புதிதாகவே இருக்காது. ஆனால் பசை போல இழுக்கும், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். மாமியாருக்கும் மகளுக்கும் சின்னச் சின்னதாகப் பிய்த்துக் கொடுங்கள். இதில் அலட்சியம் வேண்டாம்.

நாராவில் ஜே.ஆர். நிலையத்திலிருந்து பூங்கா கொஞ்சம் தள்ளி இருக்கிறது, டாக்ஸி எடுத்துவிடுங்கள். பின்கதவு தானாகவே திறக்கும், இழுக்காதீர்கள். பூங்காவில் திரியும் மான்களின் முகம் உங்கள் மகளின் முகத்துக்கு நேராக இருக்கும். மான்களுக்குக் கொடுக்கும் பிஸ்கட் தீர்ந்ததும் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டச் சொல்லுங்கள், விலகிவிடும். வரைபடத்தையும் பிளாஸ்டிக் பையையும் உள்ளே வையுங்கள். தோதாய்ஜி கோயில் மே மாதத்தில் மாலை ஐந்தரை வரை திறந்திருக்கும். சுமார் 15 மீட்டர் உயர வெண்கலப் புத்தர். 752இல் அந்தப் புத்தருக்குக் கண் திறக்கும் சடங்கை நடத்தியவர் இந்தியாவிலிருந்து போன போதிசேனர் என்ற துறவி. மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள், நம் கோயில்களில் சிலைக்குக் கண் திறப்பதைப் பார்த்தவருக்குச் சட்டென்று புரியும்.

திரும்பும்போது ஜே.ஆர். வேண்டாம். பூங்காவுக்குப் பக்கத்தில் கின்தெட்சு நாரா நிலையம் இருக்கிறது. அங்கிருந்து விரைவு ரயிலில் நாற்பது நிமிடத்தில் ஒசாகா நம்பா, இகோகா அட்டையே செல்லும்.

தேதி இன்னும் முடிவாகவில்லை என்றால் ஒன்று: ஏப்ரல் 29 முதல் மே 5 வரை ஜப்பானியர்களின் தொடர் விடுமுறை. நான் சொன்ன மூன்று இடங்களிலும் அப்போது நெரிசல் தாங்காது. மே 7க்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.