மாட்டுக் கொட்டகையை விடுதியாக்கலாமா?

கேள்வி: கங்கைகொண்ட சோழபுரம் கோயிலுக்குப் பக்கத்தில் தாத்தா காலத்து மாட்டுக் கொட்டகை இருக்கிறது. இரண்டு அறை தடுத்து, கழிவறை கட்டி, பயணிகளுக்கு வாடகைக்கு விடலாமா?
– வாசகர், ஜெயங்கொண்டம்

பதில்: வாடகை அப்புறம், முதலில் தூரத்தை அளந்து பாருங்கள். இந்தக் கோயில் மத்திய அரசு பாதுகாக்கும் நினைவுச்சின்னம், அதனால் அளவு கோயில் விமானத்திலிருந்து அல்ல, பாதுகாக்கப்பட்ட இடத்தின் எல்லையிலிருந்து. 100 மீட்டருக்குள் என்றால் புதுக் கட்டடம் கிடையாது, 16.6.1992-க்கு முன்பே கொட்டகை இருந்ததற்கு ஆதாரம் காட்டினால் பழுதுபார்க்க மட்டும் அனுமதி கேட்கலாம். அடுத்த 200 மீட்டரில் கட்டலாம், ஆனால் அனுமதி வாங்கித்தான், மனு தேசிய நினைவுச்சின்ன ஆணையம் வரை போகும். மீறினால் 2 ஆண்டு வரை சிறைகூட உண்டு.

எல்லோரும் கட்டட உயரத்தைப் பற்றியே கேட்கிறார்கள், எனக்கென்னவோ செப்டிக் டேங்க்தான் பயம். பக்கத்திலுள்ள மாளிகைமேட்டில் சோழர் அரண்மனைச் செங்கல் சுவர்கள் மண்ணுக்கடியிலிருந்துதான் வெளிப்பட்டன, உங்கள் கொட்டகைக்குக் கீழேயும் ஏதாவது இருக்கலாம். குழி எங்கே, எத்தனை அடி ஆழம் என்பதை மனுவிலேயே எழுதிவிடுங்கள்; தோண்டும்போது பழைய செங்கல் வரிசையாகத் தென்பட்டால் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு உடனே தொல்லியல் துறைக்குத் தகவல் சொல்லுங்கள். கோயில் வாசலில் நின்றால் கூரை கண்ணில் படுமா என்பதற்கு ஒரு போட்டோவும் சேருங்கள். நீலத் தகர ஷீட் மட்டும் வேண்டாம், நாட்டு ஓடே இருக்கட்டும்.