முப்பதில் மூன்று

அன்புள்ள அக்கா,

நான் எம்.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டு நான்கு மாதமாகத் திருநெல்வேலியில் எச்.ஐ.வி. தடுப்புத் திட்டம் ஒன்றில் களப்பணியாளராக இருக்கிறேன். பாலியல் தொழிலாளர்களைச் சந்திப்பது, ஆணுறை கொடுப்பது, ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போவது என் வேலை. புதிய பஸ் ஸ்டாண்டிலும் ஜங்ஷனிலும் நடையாய் நடக்கிறேன். என்னைக் கண்டதும் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். பேசுகிறவர்களும் "எல்லாம் தெரியும்மா" என்று முடித்துவிடுகிறார்கள். பரிசோதனைக்கு வருவதாகச் சொன்னவர்கள் வருவதில்லை. அவர்கள் வாழ்க்கையைப் புரிந்துகொள்ளாமல் இந்த வேலையைச் செய்ய முடியாது என்று தோன்றியது. அதனால் எப்படி இந்தத் தொழிலுக்கு வந்தார்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். இது சரியான வழியா? எழுத வருவதற்கு முன் நீங்களும் இதே வேலையில் இருந்ததாக ஒரு பேட்டியில் சொல்லியிருந்தீர்கள். அதனால்தான் கேட்கிறேன்.

ப.

அன்புள்ள ப.,

முதலில் அந்த நோட்டை மூடி வையுங்கள்.

"எப்படி வந்தீங்க?" என்ற கேள்விக்கு எல்லோரிடமும் ஒரு கதை தயாராக இருக்கும். குடிகாரப் புருஷன், கடன், கைவிட்டுப் போன காதலன். பொய் என்று சொல்லவில்லை, பல பேருக்கு நடந்ததும் அதுதான். ஆனால் போலீசுக்கு, பத்திரிகைக்காரருக்கு, ஆராய்ச்சிக்கு வந்த மாணவிக்கு, எனக்கு முன்னால் இருந்த களப்பணியாளருக்கு என்று சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன கதை. ஒரு அம்மா என்னிடம் பாதியில் நிறுத்தி, "அழுத இடம் வருது, எழுதிக்கிட்டியளா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அன்றோடு நான் அந்தக் கேள்வியை விட்டேன்.

"எல்லாம் தெரியும்மா" என்கிறார்களே, அதுவும் உண்மைதான். புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா என்று தமிழ்நாட்டுச் சுவரெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே இவர்களுக்கு அது தெரியும். நமக்குத் தெரியாதது அவர்களுடைய செவ்வாய்க்கிழமை எப்படிப் போகிறது என்பது.

முக்கூடல் பக்கத்தில் பீடி சுற்றும் பெண் ஒருவர். மாதத்துக்கு இத்தனை ஆணுறை தேவை என்று எங்கள் பதிவேட்டில் ஒரு கணக்கு உண்டு, அவருக்கு முப்பது. முதல் மாதம் முப்பதையும் ஒரு கவரில் போட்டு நீட்டினேன். மடியில் பீடித்தட்டு. இலையை வெட்டிக்கொண்டிருந்த கத்தரியைக் கீழே வைத்தார், கவரைப் பிரித்து மூன்றை எடுத்தார், மிச்சத்தை என் பக்கம் தள்ளினார். "இத எங்கன வைக்கச் சொல்லுதிய? இந்த வீட்டுல எனக்குன்னு ஒரு பூட்டு கெடையாது. மாமியா கை படாத எடம் இந்தத் தட்டு மட்டுந்தான்." மூன்றையும் இலைக்கட்டுக்கு அடியில் செருகிவிட்டுத் திரும்பவும் வெட்ட ஆரம்பித்துவிட்டார். நான் ஆபீஸ் போய் முப்பது கொடுத்ததாகத்தான் எழுதினேன். மாத முடிவில் கணக்கு அழகாக இருந்தது.

அப்புறம் வழி சொன்னவரும் அவர்தான். பஸ் ஏறும் இடத்தில் பூ விற்கிற அக்காவிடம் கொடுத்து வைக்கச் சொன்னார். போகும்போது பூவோடு சேர்த்து வாங்கிக்கொள்வார், திரும்பி வரும்போது கையில் ஒன்றும் இருக்காது. எங்கள் திட்ட அறிக்கையில் பூக்காரிக்குக் கட்டம் கிடையாது.

நீங்கள் பஸ் ஸ்டாண்டில் தேடுகிறீர்கள். நம் ஊரில் மும்பை, கொல்கத்தாவில் இருப்பதுபோலத் தனித் தெரு கிடையாது. செல்போன் வந்தபிறகு ஸ்டாண்டில் நிற்கிறவர்களும் குறைந்துவிட்டார்கள். பெரும்பாலோர் வீட்டிலிருந்து வருகிறவர்கள். உள்ளூரில் தொழில் வைத்துக்கொள்ள மாட்டார்கள், தூத்துக்குடிக்கோ நாகர்கோவிலுக்கோ பஸ் ஏறுவார்கள். வீட்டில் ஜவுளிக்கடை வேலை என்று சொல்லியிருக்கும். பிள்ளை பள்ளிக்கூடம் போனபிறகு கிளம்பி, மணி அடிப்பதற்குள் திரும்ப வேண்டும். அந்த நேரத்தில் வழியில் நின்று நீங்கள் சிரித்தால் எப்படித் திரும்பிச் சிரிப்பார்கள்? கூட வருகிற பக்கத்து வீட்டுக்காரி "யாரு அது?" என்று கேட்பாளே.

பரிசோதனைக்கும் அதே கதைதான். இங்கே இருப்பவர்கள் நாகர்கோவில் பக்கம் ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், அங்கே இருப்பவர்கள் நம் ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். பஸ் காசு, அரை நாள் சம்பாத்தியம் எல்லாம் போகும், ஆனால் தெரிந்த முகம் இருக்காது. எச்.ஐ.வி. சோதனைக்கான அரசு நம்பிக்கை மையத்தில் சோதனை இலவசம், சம்மதம் இல்லாமல் ரத்தம் எடுக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது என்று 2017-ஆம் வருடச் சட்டமே இருக்கிறது. ஆனால் சட்டத்துக்கு முந்தைய ஞாபகங்களும் இருக்கின்றன. 1986-இல் இந்தியாவில் முதன்முதலாக இந்தத் தொற்று தெரியவந்தது சென்னையில், காப்பகத்தில் இருந்த பாலியல் தொழிலாளர்களின் ரத்தத்தில். டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி நிர்மலா எடுத்த ரத்தம், சோதனை நடந்தது வேலூரில். அது மருத்துவத்தில் பெரிய காரியம், சந்தேகமில்லை. ஆனால் அதன்பிறகு தொற்று தெரிந்த பெண்களை வெளியே விடாமல் வைத்திருந்தார்கள், உயர்நீதிமன்றம் வரை போய்த்தான் வெளியே வந்தார்கள். நான் பார்த்த மூத்த பெண் ஒருவர் ரத்தம் எடுக்கக் கையை நீட்டுவதற்கு முன் கதவு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்வார். அவருக்கு அந்த வழக்கு பற்றி ஒன்றும் தெரியாது. ரத்தம் எடுத்தால் அடைத்துவிடுவார்கள் என்பது மட்டும் தெரியும்.

போலீஸ் பயமும் அப்படித்தான். 1956-ஆம் வருடச் சட்டப்படி இந்தத் தொழிலைச் செய்வது மட்டும் தன்னளவில் குற்றமாகாது. பொது இடத்தில் அழைப்பது குற்றம், இதற்கென விடுதி நடத்துவது குற்றம். இந்த வித்தியாசம் ராத்திரி பதினொரு மணிக்கு ரோட்டில் எடுபடுவதில்லை. கைப்பையில் ஆணுறை இருந்தாலே போதும், "இது எதுக்குடி?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அதைக் குற்றத்துக்குச் சாட்சியாகப் பார்க்கக் கூடாது என்று 2022 மே 19 அன்று உச்ச நீதிமன்ற உத்தரவில் வந்துவிட்டது. தமிழில் ஒரு பக்கமாக அச்சடித்து அவர்கள் கையில் கொடுங்கள். உங்கள் விழிப்புணர்வு நோட்டீஸைவிட அதற்குத்தான் மதிப்பு அதிகம் இருக்கும்.

செவ்வாய்க்கிழமை என்றேன் அல்லவா? குழுக்கடன் தவணை நாள் அது. நான் போன தெருக்களில் அன்றைக்குக் காலை பத்து மணிக்கு ஆள் வந்து உட்கார்ந்துவிடுவார். ஒருத்தி கட்டவில்லை என்றால் குழுவே அவள் வாசலில் நிற்கும். திங்கட்கிழமை மத்தியானம் வருகிற பார்ட்டி, அதாவது வாடிக்கையாளர், உறை வேண்டாம், இருநூறு சேர்த்துத் தருகிறேன் என்றால், நான் நடத்திய ஆணுறை டெமோவெல்லாம் அந்த இருநூறுக்கு முன்னால் நிற்குமா? இது எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது. பதிவேட்டில் "ஆணுறை பயன்பாடு: சில நேரம்" என்று இருக்கும். எந்த நேரம் என்று நான் கேட்டதே இல்லை.

இன்னொன்று, அது கொஞ்சம் கஷ்டமானது. பார்ட்டியிடம் கறாராக இருக்கிறவர்கள்கூட, தங்களுக்கென்று இருக்கிற ஆளிடம் உறையைப் பற்றிப் பேச மாட்டார்கள். "அவுக அப்படி இல்லக்கா" என்பார்கள். உறையை எடுத்தால் அவரும் இன்னொரு பார்ட்டி ஆகிவிடுவார். அங்கே புத்திமதி சொல்லாதீர்கள், நான் சொல்லி இரண்டு பேரை இழந்தேன். இரண்டு பேரும் சேர்ந்து சோதனைக்கு வரலாமே என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டு விட்டுவிடுங்கள். சில பேர் ஆறு மாதம் கழித்து வருவார்கள்.

அவர்களுடைய முதல் கவலை எச்.ஐ.வி. இல்லை. வெள்ளைப்படுதல், இடுப்பு வலி, ரேஷன் கார்டு, பிள்ளையின் சாதிச் சான்றிதழ். வெள்ளைப்படுதலுக்கு மருந்து வாங்கக் கூடப் போனால், அடுத்த தடவை ரத்தச் சோதனைக்கு அவர்களே வருவார்கள். தந்திரமாக இதைச் செய்யச் சொல்லவில்லை. வலிக்கிறது என்கிறவரிடம் வேறு என்ன பேச முடியும்?

சரி, யாரிடம் ஆரம்பிப்பது? உங்கள் திட்டத்திலேயே ஏறத்தாழ 60 பேருக்கு ஒருவர் என்று, அவர்களுக்குள்ளிருந்தே வந்த பியர் எஜுகேட்டர், அதாவது சக தொழிலாளிகளுக்கு எடுத்துச் சொல்கிறவர், இருப்பார். இப்போது அவர் உங்கள் பின்னால் பை தூக்கிக்கொண்டு வருகிறார் என்று நினைக்கிறேன். ஒரு மாதம் நீங்கள் அவர் பின்னால் போங்கள். எந்தத் தெருவுக்கு எப்போது போகலாம், எந்த வீட்டில் செருப்பு வாசலில் கிடந்தால் திரும்பிவிட வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். புதன்கிழமை மத்தியானம் நல்ல நேரம். தவணை முடிந்து கொஞ்சம் மூச்சு விட்டிருப்பார்கள்.

திட்டத்தின் பெயர் அச்சடித்த அந்தப் பையை மட்டும் ஆபீஸிலேயே வைத்துவிடுங்கள். ஜவுளிக்கடை மஞ்சள் பை போதும்.