நகராத ஸ்வரம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள சாருக்கு,

வணக்கம். சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். வயது 26. ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா என்று மாதத்துக்கு எட்டுப் பத்துக் கச்சேரிகள் வரும். போன மாதம் நீங்கள் எழுதிய கட்டுரையில் டீப் பர்ப்பிள் என்ற ராக் குழுவின் கீபோர்டு கலைஞர் ஜான் லார்ட் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது. அன்றிரவே தேடிக் கேட்டேன். இரண்டு நாள் வேறு எதுவும் காதில் ஏறவில்லை. எங்கள் குழுவின் கிட்டார் அண்ணனிடம் சொன்னேன். "ராக்குன்னா கிட்டார்தான் தம்பி, கீபோர்டு சும்மா ஃபில்லிங்" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ராக்கில் உங்களுக்குப் பிடித்த கீபோர்டு கலைஞர்கள் யார் சார்? எதை வைத்து அவர்களைப் பெரிய ஆட்கள் என்கிறீர்கள்? வேகத்தை வைத்தா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் வெளியிடவில்லை.)

அன்புள்ள தம்பிக்கு,

வேகத்தை வைத்து இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சின்ன வயதில் நாங்கள் ஏற்காட்டில் இருந்தோம். அப்பாவுக்கு ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் வேலை. பக்கத்துச் சர்ச்சில் காலால் மிதித்து வாசிக்கும் பெரிய ஆர்மோனியம் ஒன்று இருந்தது. ஐப்பசி மழையில் அதன் கட்டைகள் ஊறி ஒட்டிக்கொள்ளும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாட்டின் நடுவில், அழுத்திய கட்டை ஒன்று எழும்பவே இல்லை. அந்த ஒரு ஸ்வரம் மட்டும் விடாமல் ஒலித்துக்கொண்டே இருந்தது. நல்லவேளை, அது பஞ்சமம். வாசித்த அக்கா பதறவில்லை. மிதிப்பதைக் குறைத்தும் கூட்டியும் அந்த ஸ்வரத்தையே தம்பூராவாக்கி, அதன்மேல் மீதிப் பாட்டை வாசித்து முடித்தார். கீபோர்டு என்றால் என்ன என்பதை நான் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான்.

நாதஸ்வரக்காரர் ஒரு ஸ்வரத்தை ஊதி அசைக்கலாம். கிட்டார்காரர் கம்பியை இழுத்து வளைக்கலாம். நம் கட்டையில் அழுத்திய ஸ்வரம் அழுத்திய இடத்திலேயே நிற்கும். பியானோவிலாவது விரலின் பலத்துக்குத் தக்கபடி சத்தம் கூடும், குறையும். ஹாமண்ட் என்ற மின்சார ஆர்கனில் அதுவும் கிடையாது. மெல்லத் தொட்டாலும் ஓங்கிக் குத்தினாலும் ஒரே சத்தம்தான், விரலை எடுக்கும்வரை அப்படியே நிற்கும். இந்த நகராத ஸ்வரத்துக்கு எப்படி உயிர் கொடுத்தார்கள் என்பதை வைத்துத்தான் ஒரு கீபோர்டு கலைஞரை நான் மதிக்கிறேன்.

சரி, ஜான் லார்டுக்கு வருவோம். அவர் வாசித்தது ஹாமண்ட் சி-3. லாரன்ஸ் ஹாமண்ட் தன் முதல் ஆர்கனை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1935இல். அவர் மின்சாரக் கடிகாரம் செய்தவர், அந்தக் கடிகார மோட்டாரின் சீரான ஓட்டத்தைத்தான் ஆர்கனுக்குள் வைத்தார். சி-3க்குள் 91 உலோகச் சக்கரங்கள் சுழலும். ஒவ்வொரு சக்கரத்தின் விளிம்பும் மேடும் பள்ளமுமாக இருக்கும். அது ஒரு காந்தச் சுருளுக்கு முன்னால் சுற்றும்போது மின் அதிர்வு பிறக்கிறது. எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பிக்குக் கீழே இருக்கும் பிக்கப்பும் இதே காந்தமும் சுருளும்தான். உங்கள் கிட்டார் அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள், இரண்டு வாத்தியமும் ஒரே வயிற்றில் பிறந்தவை.

இந்த ஆர்கனோடு வழக்கமாகப் போவது டான் லெஸ்லி செய்த ஸ்பீக்கர் பெட்டி. அதற்குள் ஒரு குழலும் ஒரு உருளையும் சுழன்றுகொண்டே ஒலியை வெளியே வீசும். ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவில் பஸ் ஹாரன் நெருங்கும்போது ஒரு சுருதியிலும், நம்மைக் கடந்து போகும்போது கொஞ்சம் இறங்கியும் கேட்கும் இல்லையா, அதேதான். நகராத ஸ்வரத்தை நகர்த்த ஒரு வழி அது.

லார்ட் இன்னொரு வழி பிடித்தார். பக்கத்தில் குழுவின் கிட்டார்காரர் ரிச்சி பிளாக்மோர் கிட்டாரை அலறவிடும்போது ஆர்கன் அமுங்கிப் போனது. அவர் ஆர்கனை நேரே மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் செருகினார், கிட்டார்காரர்கள் பயன்படுத்தும் அதே பெட்டியில். சர்ச்சில் முழங்கால் போட்டுக் கேட்ட வாத்தியம் உறுமத் தொடங்கியது. அவருடைய இடது கைக் கார்டுகளை, அதாவது ஒன்றாகச் சேர்த்து அழுத்தும் ஸ்வரங்களைக் கவனித்துக் கேளுங்கள். கிட்டார் எங்கே முடிகிறது, ஆர்கன் எங்கே தொடங்குகிறது என்று பல இடங்களில் பிரிக்க முடியாது. அந்த மனிதர்தான் 1969இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு டீப் பர்ப்பிள் சேர்ந்து வாசிக்க ஒரு கான்செர்ட்டோ, அதாவது மேற்கத்திய செவ்வியல் பாணியில் ஒரு நீண்ட இசைப்படைப்பு எழுதினார். முரட்டுத்தனம் தெரியாமல் வந்ததில்லை, தெரிந்தே எடுத்துக்கொண்டது.

1972இல் வந்த டீப் பர்ப்பிளின் 'ஹைவே ஸ்டார்' பாட்டில் முதலில் வருவது ஆர்கன் சோலோதான் (ஒரு வாத்தியம் முன்னால் வந்து தனித்து வாசிக்கும் பகுதி), கிட்டார் சோலோ அதற்குப் பிறகு. எனக்கு அந்தப் பாட்டு கிடைத்தது ஒரு 60 நிமிட கேசட்டில். அப்போதெல்லாம் சேலத்தில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் பதிந்து தருவார்கள். நான் கொடுத்த கடையில் நேரத்தைக் கணக்குப் போடாமல் பதிந்துவிட்டார்கள். ஆர்கன் சோலோ பாதி ஏறும்போது ஏ பக்கம் முடிந்து 'டக்' என்று நின்றுவிடும். மூன்று வருஷம் மீதிப் பாதியை நானாகவே மனதில் வாசித்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நண்பர் வீட்டில் முழுசாகக் கேட்டபோது கண் கலங்கிவிட்டது. நான் கற்பனை செய்த எதுவும் அதன் பக்கத்தில் வரவில்லை. விரல்கள் படிப்படியாக ஏறுவதில் ஜெர்மானிய செவ்வியல் இசையமைப்பாளர் பாக்கின் சாயல் தெரியும், ஒலியோ லாரி எஞ்சின் மாதிரி. லார்ட் 2012இல் காலமானார். அவருக்குச் சமமாக நான் யாரையும் வைப்பதில்லை.

அடுத்து ரே மன்சரெக். அவருடைய தி டோர்ஸ் குழுவின் மேடையில் வழக்கமாகப் பாஸ் கிட்டார், அதாவது கீழ் ஸ்வரங்களைத் தாங்கும் கிட்டார் கிடையாது. மன்சரெக் இடது கையால் ஃபெண்டர் ரோட்ஸ் பியானோ பாஸையும் வலது கையால் வாக்ஸ் கான்டினென்டல் ஆர்கனையும் வாசித்தார். ஒலிப்பதிவில் சில பாட்டுகளுக்கு வேறு பாஸ் கலைஞர்கள் வாசித்தது உண்டு, ஆனால் மேடையில் பெரும்பாலும் அந்த இடது கைதான். 'லைட் மை ஃபயர்' ஆல்பத்தில் ஏழு நிமிடம். 1967இல் அதை வானொலிக்காக மூன்று நிமிடத்துக்கும் குறைவாக வெட்டினார்கள், சோலோக்கள் போய்விட்டன. நீங்கள் ஏழு நிமிடத்தையும் கேளுங்கள். வலது கை எங்கெங்கோ அலையும்போது இடது கை ஒரு அடி பிசகாமல் அதே நடையில் போய்க்கொண்டிருக்கும். அங்கே ஸ்வரத்துக்கு உயிர் தருவது தாளம்.

ரிச்சர்ட் ரைட்டைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குப் போதாது. அவர் வாசித்த பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் 'எக்கோஸ்' 1971இல் வந்தது, 23 நிமிடத்துக்கு மேல் ஓடும். அது தொடங்குவது ஒரே ஒரு பியானோ ஸ்வரத்தில். பியானோவை லெஸ்லி ஸ்பீக்கர் வழியாக அனுப்பியிருக்கிறார்கள். கிணற்றில் ஒரு சொட்டு விழுவது மாதிரி அது விழும், பிறகு அமைதி. மறுபடியும் அதே ஸ்வரம். ஏற்காட்டில் பனிமூட்டம் இறங்கிய காலையில், எதிர்ச் சரிவு கண்ணில் படாதபோது, அதைக் கேட்டிருக்கிறேன். அடுத்த ஸ்வரம் எப்போது என்று மூச்சைப் பிடித்துக் காத்திருக்க வைக்கிறார். இரண்டு கையும் வைத்துக்கொண்டு வாசிக்காமல் இருப்பதற்கு எவ்வளவு நம்பிக்கை வேண்டும்!

கீத் எமர்சன், ரிக் வேக்மன் இருவரையும் விட்டுவிட்டேன் என்று சிலர் கோபிப்பார்கள். இருவருமே அபாரமான விரல்காரர்கள், எனக்குத்தான் அவர்களோடு நெருக்கம் குறைவு. ஆனாலும் எமர்சனின் 'லக்கி மேன்' பாட்டின் கடைசியில், 1970இல், மூக் சின்தசைசர் (மின்சாரத்தில் ஒலியை உருவாக்கும் கருவி) ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும். கமகம் கேட்டு வளர்ந்த நம் காதுக்கு அது உடனே புரியும்.

அப்புறம் அந்த 'ஃபில்லிங்' என்ற சொல். அது என்னை உறுத்துகிறது. புரோகோல் ஹாரம் குழுவின் 'எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்' 1967இல் வந்தது. பாடகர் வாய் திறப்பதற்கு முன்பே ஹாமண்ட் ஒரு ராகம் பாடிவிடும். வாசித்தவர் மேத்யூ ஃபிஷர். பாட்டு வந்தபோது இசைக்குச் சொந்தக்காரராக அவர் பெயர் இல்லை. 2005இல் வழக்குப் போட்டார். 2009இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரிட்டனின் பிரபுக்கள் சபை வரைக்கும் போய், இசையில் 40 சதவீதம் அவருடையது என்று தீர்ப்பு நிலைத்தது. அந்த ஆர்கனை எடுத்துவிட்டு அந்தப் பாட்டை ஒருமுறை மனதுக்குள் பாடச் சொல்லுங்கள் உங்கள் அண்ணனை.

உங்கள் வேலை எனக்குத் தெரியும் தம்பி. ஒரே பாட்டில் வயலின் பிட், புல்லாங்குழல் பிட், நாதஸ்வரம் என்று நொடிக்கொரு டோன் மாற்றி, அசல் ஒலிப்பதிவு மாதிரியே கேட்க வைக்க வேண்டும். அது லேசான திறமை இல்லை. ஆனால் அதில் எப்போதும் இன்னொரு வாத்தியத்தின் குரலில்தான் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். வீட்டில் தினமும் அரை மணி நேரம் ஸ்டைலை, கீபோர்டு தானாகவே வாசிக்கும் தாளப் பின்னணியை அணைத்துவிடுங்கள். ஒரே ஒரு ஆர்கன் டோன் மட்டும் வையுங்கள். வால்யூம் பெடல் இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள். ஆர்கன்காரருக்குக் கால்தான் மூச்சு. உங்கள் கீபோர்டில் லெஸ்லி பெட்டியின் சுழற்சியைப் போலச் செய்யும் ரோட்டரி என்று ஒரு பட்டன் இருந்தால் அதை மெதுவிலிருந்து வேகத்துக்கு எந்த இடத்தில் மாற்றுவது என்று தேடுங்கள். ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு அதை மட்டும் வைத்து ஒரு நிமிடம் கேட்பவரை உட்காரவைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் எனக்கு எழுதுங்கள்.

ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு உங்கள் குழு எங்காவது வாசிக்கிறது என்றால் இடத்தையும் தேதியையும் அனுப்புங்கள். மலையிலிருந்து இறங்கி வந்து கேட்கிறேன். இடைவேளைக்குப் பிறகு, அடுத்த பாடகர் மைக்கைப் பிடிப்பதற்கு முன்னால், கொஞ்ச நேரம் கிடைக்கும் அல்லவா? அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்.