உண்ணிக் காய்ச்சலில் இருந்து தேறிய லாப்ரடாரை மறுபடி அஜிலிட்டிக்குப் பழக்கலாமா?

கேள்வி: "கடலூரில் இருக்கிறேன். என் லாப்ரடாருக்கு ஒன்றரை வயது. தடைகளைத் தாண்டி ஓடும் அஜிலிட்டி போட்டிக்குப் பழக்கிக்கொண்டிருந்தபோது உண்ணிக் காய்ச்சல் வந்து, மருந்து முடிந்து ஒரு மாதம் ஆகிறது. நன்றாகச் சாப்பிடுகிறான். ஆனால் கிட் டெஸ்டில் இன்னும் பாசிட்டிவ் என்றே வருகிறது. பயிற்சியில் தாண்டச் சொன்னால் நின்றுவிடுகிறான், அடம் பிடிக்கிறான். தொடரலாமா? வீட்டில் பூனையும் இருக்கிறது."

தொடரலாம். ஆனால் முதலில் ரத்தத்தில் பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) எண்ணிக்கை பாருங்கள். கிட் டெஸ்ட் காட்டுவது கிருமியை அல்ல, கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளை. நோய் போன பிறகும் அது மாதக்கணக்கில் ரத்தத்தில் இருக்கும். அதனால் அந்தப் பாசிட்டிவைப் பார்த்துப் பதறவும் வேண்டாம், "சாப்பிடுகிறான்" என்பதைப் பார்த்து நிம்மதி அடையவும் வேண்டாம். லாப்ரடார் சாகக் கிடந்தாலும் சாப்பிடும்.

உங்கள் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். மீதியை எழுத வைத்தது அந்த "அடம் பிடிக்கிறான்" என்ற சொல்.

முன்பே சொல்லிவிடுகிறேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை, பயிற்சியாளரும் இல்லை. புதுச்சேரி லாஸ்பேட்டையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பவள். "டாக்டரிடம் போகாமல் இங்கே வந்து கேட்கிறார்கள், நீயும் பதில் சொல்கிறாய்" என்று திட்ட வருகிறவர்கள் தயவுசெய்து கடைசி வரை படித்துவிட்டுத் திட்டுங்கள்.

என் நாய் கருப்பட்டி. கருப்பு லாப்ரடார், பெண். கூப்பிடுவது பட்டி என்று. மாஹேயில் இருந்து மாற்றலாகி வந்த எதிர் வீட்டுக்காரர் முதல் நாள் அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது. மலையாளத்தில் பட்டி என்றாலே நாய். "நாய்க்கு நாய்னே பேர் வெச்ச ஒரே டீச்சர் நீங்கதான்" என்றார்.

பட்டிக்கு இரண்டு வயது ஆனபோது அஜிலிட்டி ஆரம்பித்தோம். அதற்கு முன் உயரம் தாண்ட விடவில்லை. எலும்பு வளரும் இடங்கள் மூடுவதற்குப் பெரிய நாய்களுக்கு ஒன்றரை வயது வரை கூட ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இடுப்பு எக்ஸ்ரேயும் எடுத்துப் பார்த்தோம். லாப்ரடாருக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு அதிகம். உங்கள் நாய்க்கு எடுக்கவில்லை என்றால் எடுத்துவிடுங்கள். இதில் எல்லாம் நான் மிகச் சரியாக இருந்தேன். அதுதான் எரிச்சல்.

சாமான்கள் எல்லாம் சொந்தத் தயாரிப்பு. பிளம்பிங் கடையில் ஒரு இஞ்ச் பீவிசி குழாய், எல்போ, டீ வாங்கி என் கணவர் தாண்டும் தடைகள் செய்தார். பன்னிரண்டு குச்சிகளை 60 செ.மீ. இடைவெளியில் நட்டு அதனூடே வளைந்து ஓடும் வீவ். பஞ்சர் கடையில் ஒரு பழைய டயர். பிள்ளைகள் தவழ்ந்து விளையாடும் துணிச் சுரங்கம் ஒன்று. அது உருண்டு போகாமல் இருக்க இரண்டு பக்கமும் மணல் நிரப்பிய கோணிப்பை. இந்தக் கோணிப்பையை நினைவில் வையுங்கள்.

சென்னையில் குளிர்காலத்தில் ஒரு போட்டி. நுழைவுக் கட்டணம் கட்டியாகிவிட்டது, நாயை அனுமதிக்கும் விடுதியில் அறை போட்டாகிவிட்டது. ஆறு வாரம் இருந்தது. அப்போதுதான் பட்டி கம்பைத் தட்டிவிட ஆரம்பித்தாள். முதலில் பின்னங்கால் உரசியது. பிறகு வீவில் முதல் குச்சி இடது தோள்பக்கம் வர நுழைய வேண்டும் என்பதையே மறந்தவள் மாதிரி நடுவில் புகுந்தாள். அப்புறம் தாண்டும் கம்புக்கு முன்னால் வந்து நின்றுவிட்டாள்.

வாரம் இரண்டு நாள் ஒரு மாஸ்டர் வந்து சொல்லிக் கொடுப்பார். நல்ல மனிதர், பல வருட அனுபவம். அவர் பார்த்துவிட்டு, "திமிரு மேடம். இப்ப விட்டீங்கன்னா உங்க தலை மேல ஏறிடும்" என்றார்.

நானும் நம்பினேன். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. வாரத்தில் இரண்டு மணி நேரம் பார்க்கிறவர் அவர், இருபத்து நாலு மணி நேரமும் கூட இருப்பவள் நான். டியூஷனில் ஒரு பையன் திடீரென்று மார்க் குறைந்தால் "வீட்டில் ஏதாவது பிரச்சினையா தம்பி" என்று கேட்கத் தெரிகிற எனக்கு, நாயிடம் மட்டும் திமிர் என்றே தோன்றியது. பசி இருந்தால் தின்பண்டத்துக்காக ஓடுவாள் என்று காலைச் சாப்பாட்டை நிறுத்தினேன். காய்ச்சலில் இருந்த நாயைப் பட்டினி போட்டு ஓடவிட்டேன். இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

ஒரு நாள் காலை, தாண்டும் கம்புக்கு முன்னால் உட்கார்ந்து என்னையே பார்த்தாள். வீட்டுக்கு வந்த பிறகு கூடத்து டைல்ஸில் ஒரு சொட்டு ரத்தம். காலில் ஏதோ குத்திவிட்டது என்று நான்கு பாதத்தையும் புரட்டிப் பார்க்கிறேன், ஒன்றும் இல்லை. அடுத்த சொட்டு என் கை மேல் விழுந்தது. மூக்கில் இருந்து.

டாக்டர் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். வெளிறிப்போயிருந்தது. அடிவயிற்றில் முடி இல்லாத இடத்தைக் காட்டினார். குண்டூசி முனை அளவில் சிவப்புப் புள்ளிகள். காய்ச்சல் 104. நாய்க்கு 101இல் இருந்து 102.5 வரை சாதாரணம். பிளேட்லெட் 42,000. இரண்டு லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அந்த நிலையில் அவள் கம்பில் இடித்துக்கொண்டு விழுந்திருந்தால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கும் என்றார்.

"எத்தனை நாளா இப்படி?"

"ஒரு வாரம் இருக்கும் சார்" என்றேன். பொய். மூன்று வாரம்.

எர்லிக்கியா, உண்ணி கடித்துப் பரப்பும் கிருமி. டாக்ஸிசைக்ளின் மாத்திரை இருபத்தெட்டு நாள். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுப்பாள், அதனால் இட்லிக்குள் வைத்துக் கொடுத்து, மாத்திரை தொண்டையில் ஒட்டாமல் இருக்க மேலே தண்ணீர். நான்காம் நாளே வாலை ஆட்டினாள். இங்கேதான் பலர் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தினால் கிருமி உடம்புக்குள் பதுங்கிக்கொண்டு மாதங்கள் கழித்து மோசமாக வரலாம். அம்மா திண்டிவனத்தில் இருந்து பப்பாளி இலையோடு பஸ் ஏறி வந்துவிட்டார். சாறு கொடுத்தோம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மாத்திரைக்குப் பதிலாக அல்ல. ஒன்று: உண்ணியால் வருவது எர்லிக்கியா மட்டும் இல்லை. பேபீசியா என்றும் ஒன்று உண்டு, சிறுநீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் போகலாம். அதற்கு மருந்து வேறு. உங்கள் நாய் இன்னும் சோர்வாக இருந்தால் அதையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, கடலூரில் இருந்து காலையில் கிளம்பினால் போய் வந்துவிடலாம்.

சரி, உண்ணி எங்கிருந்து வந்தது? நான் மாதாமாதம் மருந்து போட்டுக்கொண்டுதான் இருந்தேன், இடையில் ஒரு மாதம் தவறியது, பொதுத்தேர்வு நேரம். ஆனால் ஒரு மாதத்தில் இவ்வளவா? வீட்டைப் புரட்டிப் போட்டோம். மாடிப்படிக்கு அடியில் வைத்திருந்த அந்தக் கோணிப்பைகளைத் தூக்கியபோது தையல் ஓரம் முழுக்க மிளகு கொட்டி வைத்த மாதிரி. நாய் உண்ணி காட்டில் இருப்பது என்றுதான் நினைத்திருந்தேன். இது வீட்டுக்குள் சுவர் வெடிப்பிலும் கதவு நிலையிலும் குடித்தனம் நடத்தும் ஜாதி. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டை இடும். நான் ஆசையாகத் தைத்த பயிற்சிச் சாமானே அதற்குப் பிரசவ அறை. இப்போது மணலைத் தண்ணீர் கேனில் நிரப்புகிறோம். உண்ணிக்கு டாக்டர் எழுதும் மென்று தின்னும் மாத்திரை. உங்கள் நாய்க்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் அந்த மாத்திரைக்கு முன்னால் அதைச் சொல்லிவிடுங்கள்.

பூனை பற்றி ஒரே விஷயம். நாய்க்கு முதுகில் விடும் சொட்டு மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு அது விஷம். நாயோடு ஒட்டிப் படுத்தாலே ஆபத்து. டப்பாவைப் படித்து வாங்குங்கள்.

மருந்து முடிந்த பின் எண்ணிக்கை 2.3 லட்சம் வந்தது. அப்புறமும் டாக்டர் உடனே விடவில்லை. முதலில் பத்து நிமிட நடை. பிறகு கம்பைத் தரையில் வைத்துத் தாண்டுவது, பிறகு அவளுடைய முழங்கை உயரம். சர்வதேச விதிப்படி பெரிய நாய்களுக்கு 55 முதல் 60 செ.மீ. வரை கம்பு. அந்த உயரத்துக்குத் திரும்ப எங்களுக்கு மூன்று மாதம் பிடித்தது. அது எங்கள் கணக்கு, உங்களுடையது வேறாக இருக்கலாம்.

நீங்கள் சில்வர் பீச்சில் பழக்குகிறீர்களா தெரியவில்லை. நாங்கள் வீராம்பட்டினத்தில் முயன்றோம். காய்ந்த மணல் கால் தசைநாரை இழுக்கும், ஈர மணல் பரவாயில்லை. வலையில் இருந்து உதறிப் போட்ட பேத்தை மீன் கரையில் கிடக்கும், அதைத் தின்றால் நாய் பிழைப்பது கஷ்டம். லாப்ரடார் தின்னும். விடிகாலை ஐந்தே கால் மணிக்கு ஆரம்பித்து ஆறு மணிக்குள் முடித்துவிடுங்கள். நாய்க்கு வியர்வை பாதத்தில் கொஞ்சம்தான், மூச்சு இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். நம் ஊர்க் கடற்காற்றின் ஈரத்தில் அந்த இரைப்பும் சரியாக வேலை செய்யாது. தள்ளாடினால் முதலில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், அதற்கப்புறம் வண்டியில் ஏற்றுங்கள். மழைக்காலத்தில் எலி மூத்திரம் கலந்த தேங்கிய நீரும் உண்டு. 2024 ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றபோது, நான் முதலில் போய்ப் பார்த்தது பட்டியின் எலிக்காய்ச்சல் தடுப்பூசித் தேதியைத்தான். வருடா வருடம் போட வேண்டியது அது.

ஐந்தே கால் என்றதும் இன்னொன்று. அந்த நேரத்துக்கு நான் நாயோடு லிஃப்டில் இறங்கினால் அடுக்கக சங்கத்துக்குப் பொறுக்காது. "லிஃப்டில் நாய்களுக்கு அனுமதி இல்லை" என்று லேமினேட் செய்து ஒட்டினார்கள். காய்ச்சலில் கிடந்த 27 கிலோ நாயை மூன்று மாடி தோளில் தூக்கி இறக்கியது என் கணவர். லிஃப்டைத் தடுக்கக் கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இலேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது, அதை அச்செடுத்து அந்த அறிவிப்புக்குப் பக்கத்திலேயே ஒட்டினேன். மறுநாள் என்னுடையது மட்டும் காணவில்லை. அதே சங்கத்துச் செயலாளர் மகன் சைலன்ஸரை மாற்றிய புல்லட்டில் இரவு பன்னிரண்டு மணிக்கு வந்து இறங்குவான், அதற்கு ஒரு அறிவிப்பும் கிடையாது. பராமரிப்புக் கட்டணத்தை மட்டும் ஐந்தாம் தேதிக்குள் கேட்பார்கள். சரி, இதை விடுங்கள்.

அந்த வருடப் போட்டிக்குப் போகவில்லை, கட்டிய பணம் போயிற்று. அடுத்த குளிர்காலத்தில் போனோம். வாடகைக் காரில், இருக்கையில் விரிக்க இரண்டு போர்வையோடு. ரயிலில் முதல் வகுப்பு ஏசியில் முழுக் கூபே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சரக்குப் பெட்டி. அதில் அவளைத் தனியாக ஏற்ற மனம் வரவில்லை.

முதல் ஐந்து தடை அருமையாக ஓடினாள். ஆறாவது கம்புக்கு முன்னால் நின்றாள். அதே நிற்றல். ஒருமுறை மறுத்தால் ஐந்து புள்ளிதான் குறையும், மூன்றாவது முறைதான் வெளியேற்றம். திரும்பக் கூட்டி வந்து ஓடவிட்டிருக்கலாம். எனக்குக் கை நடுங்கிவிட்டது. நடுவரிடம் கையை உயர்த்திவிட்டு, கழுத்துப்பட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஈறைப் பார்த்தேன், இளஞ்சிவப்பு. வயிறு சுத்தம். தெர்மாமீட்டர் வைத்தேன், 101.8.

மாஸ்டரும் கூட வந்திருந்தார். ஒன்றும் பேசாமல் வேலிப் பக்கம் கை காட்டினார். ஆறாவது கம்புக்கு நேர் எதிரே ஒரு சின்னப் பையன் நின்றுகொண்டிருந்தான், கையில் பாதி தின்ற மிளகாய் பஜ்ஜி.