சைக்கிள் அண்ணாச்சி பதில்கள்: வெளிச்சம் ரோட்டுக்கா, எதிராளி மூஞ்சிக்கா?

(பாளையங்கோட்டையில் முப்பத்தெட்டு வருஷம் சைக்கிள் கடை நடத்தியவர் நம் அண்ணாச்சி. கடையை மூடிவிட்டார், ஸ்பேனரை இன்னும் கீழே வைக்கவில்லை. இந்த இதழில் ராத்திரி சைக்கிள் ஓட்டுகிறவர்களின் கேள்விகள்.)

அண்ணாச்சி, பத்தமடையிலிருந்து வீரவநல்லூர் வரைக்கும் விடியக்காலம் மூன்றரை மணிக்கே பால் கேனோடு கிளம்புகிறவன் நான். மகன் ஆன்லைனில் ‘20,000 லூமன்’ லைட் ஒன்று வாங்கிக் கொடுத்தான். முதல் நாள் ரோடு பகல் மாதிரி இருந்தது. ஆனால் எதிரே வருகிற பைக்காரன் ஒவ்வொருத்தனும் ஏசிவிட்டுப் போகிறான். முக்கால் மணி நேரத்தில் லைட்டும் அணைந்துவிடுகிறது. எந்த லைட் வாங்கலாம்?
– பால்காரர், பத்தமடை

தம்பி, அந்த 20,000 அட்டைப்பெட்டியில் மட்டும் எரிகிற வெளிச்சம். கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். நல்ல எல்.இ.டி. ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் (வெளிச்சத்தின் அளவு) தரும். 20,000 லூமன் வேணுமென்றால் 200 வாட். இந்த மாதிரி லைட்டை நான் பிரித்துப் பார்த்தபோதெல்லாம் உள்ளே இருந்தது 18650 என்கிற ஒற்றை செல்தான். 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம், பெருவிரலைவிடக் கொஞ்சம் பெரிசு. அதில் 2,600 மில்லி ஆம்பியர்-மணி நிஜமாகவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 9.6 வாட்-மணி. 200 வாட்டில் எரித்தால் மூணு நிமிஷத்தில் கதை முடிந்தது. உங்களுக்கு முக்கால் மணி எரிகிறது. அப்படியானால் கூடிப்போனால் 1,200 லூமன், பெட்டியில் போட்டதில் சுமார் பதினேழில் ஒரு பங்குதான். செல் மேலே 9,900 என்று அச்சடித்திருந்தால் அதையும் நம்பாதீங்க. அந்த அளவு செல்லில் உருப்படியானது 3,500 பக்கம் நின்றுவிடும்.

சரி, 1,200 லூமன் குறைச்சலா? இல்லை, அதுதான் வேடிக்கை. காரின் ஹாலஜன் பல்பே டிம்மில் சுமார் 1,000 லூமன்தான் தரும். காரில் ஏச்சு வாங்காத வெளிச்சத்துக்கு உங்களுக்கு மட்டும் ஏன் ஏச்சு? கார் லைட்டின் கண்ணாடியும் உட்குழியும் வெளிச்சத்தைத் தட்டையாக்கி ரோட்டில் விரிக்கும். உங்களுடையது டார்ச். வட்டமாகப் பீய்ச்சும். பாதி வெளிச்சம் வேப்பமரத்துக் கிளைக்கும் எதிரே வருகிறவன் கண்ணுக்கும் போகும். கன்னடியன் கால்வாய்க்காரங்களுக்கு நான் விளக்கணுமா? தண்ணி எவ்வளவு வந்தால் என்ன, மடையைத் தப்பாகத் திறந்தால் உங்கள் வயல் காய்ந்துதான் கிடக்கும்.

அதனால் வாங்கும்போது லூமனை மட்டும் பார்க்காமல் லக்ஸையும் கேளுங்க. லூமன் என்பது விளக்கிலிருந்து கிளம்புகிற மொத்த வெளிச்சம். லக்ஸ் என்பது ஒரு இடத்தில் போய் விழுகிற வெளிச்சம். ஜெர்மனியில் சைக்கிள் லைட்டுக்கென்றே சட்டத்தில் அளவு வைத்திருக்கிறார்கள். 10 மீட்டர் தூரத்தில் குறைந்தது 10 லக்ஸ் விழணும், எதிராளி கண் இருக்கிற உயரத்துக்கு 2 லக்ஸுக்கு மேல் போகக்கூடாது. அந்த மாதிரி லைட்டைச் சுவரில் அடித்தால் மேல்பக்கம் கத்தியால் வெட்டினதுபோல ஒரு கோடு தெரியும், கோட்டுக்கு மேலே இருட்டு. ‘கட்-ஆஃப் பீம்’ என்று கேட்டுப் பாருங்க. நம்ம ஊர்க் கடைகளில் லேசில் அகப்படாது. ஆன்லைனில் தேடுகிற மகனிடமே இந்த வார்த்தையைச் சொல்லிவிடுங்க.

அகப்படவில்லை என்றால், 400 லூமன் பக்கத்தில் உண்மையான அளவு போட்ட லைட் ஒன்று போதும். தெருவிளக்கு இல்லாத ரோட்டுக்கு நல்ல வடிவத்தில் 300-லிருந்து 600 வரை தாராளம். மேலே சொன்ன அதே செல்லில் 400 லூமன் ரெண்டு மணி நேரத்துக்கு மேல் எரியும். நீங்கள் கேனோடு 15 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நொடிக்கு நாலு மீட்டர் போகிறீர்கள். பள்ளத்தைப் பார்த்து, கை பிரேக்கைப் பிடிக்கிறதுக்குள் நாலு மீட்டர். பால் கனத்தோடு வண்டி நிற்க இன்னும் அஞ்சாறு மீட்டர். இருபது மீட்டர் தெளிவாகத் தெரிந்தால் போதும். மேற்குத் தொடர்ச்சி மலை வரைக்கும் தெரியணுமா என்ன?

புது லைட் வருகிற வரைக்கும் கையில் இருக்கிற லைட்டைத் திருத்துவோம். சைக்கிளைச் சுவருக்கு 5 மீட்டர் தள்ளி நிறுத்துங்க. லைட் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் என்றால், வெளிச்சத்தின் நடு வட்டம் சுவரில் அரை மீட்டர் உயரத்தில் விழணும். அப்படி வைத்தால் நடுப்பகுதி 10 மீட்டரில் தரையைத் தொடும், விளிம்பு வெளிச்சம் அதற்கும் அப்பால் போய்ச் சேரும். இதைக் கேன் நிறைந்திருக்கும்போது, நீங்களும் ஏறி உட்கார்ந்துகொண்டு பார்க்கணும். காலி வண்டியில் சரியாக இருக்கும், பின்பாரம் ஏறினதும் மூக்கு மேலே தூக்கும். அப்புறம் லைட்டின் மேல் விளிம்பில் பழைய பிளாஸ்டிக் டப்பாவை வெட்டி, ரெண்டு விரல் நீளத்துக்கு ஒரு தொப்பி ஒட்டுங்க. அழகாக இருக்காது, ஏச்சு பாதியாகக் குறையும். கிளாம்ப்புக்கும் ஹேண்டில் பாருக்கும் நடுவில் பழைய டியூபில் ஒரு துண்டு வெட்டிச் சுற்றிவிட்டால் குலுக்கலில் லைட் தலை குனியாது. மிச்ச டியூபைத் தூரப் போடாதீங்க, நான் இன்றைக்கும் போட்டதில்லை.

அப்பா காலத்து சைக்கிளில் டைனமோ லைட் இருக்கிறது. அதையே சரி பண்ணலாமா, கழற்றிவிட்டு பேட்டரி லைட் மாட்டணுமா?
– வாசகர், கடையம்

கழற்ற வேண்டாம் அய்யா, அப்பா மாட்டினது.

பாட்டில் டைனமோ என்பது 6 வோல்ட், 3 வாட் சமாச்சாரம். அதில் 2.4 வாட் முன்பல்புக்கு, 0.6 வாட் பின்பல்புக்கு. முதலில் பாட்டில் நேராக நிற்கிறதா என்று பாருங்க. பாட்டிலின் நடுவழியாக ஒரு கோடு போட்டால் அது சக்கரத்தின் அச்சுக்குப் போய்ச் சேரணும். சரிந்து நின்றால் டயரையும் தின்னும், காலையும் இழுக்கும். ஃபோர்க்கில் கிளாம்ப் பிடிக்கிற இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி இரும்பு தெரிய வையுங்க. மின்சாரம் திரும்பிவர வண்டிச் சட்டம்தான் ரெண்டாவது ஒயர். கடைக்கு வந்த ‘டைனமோ செத்துப்போச்சு’ வண்டிகளில் பாதிக்கு வியாதி இந்தப் பெயின்ட்தான்.

டைனமோவின் குணம் ஒன்று உண்டு. வேகமாக மிதித்தால் எரியும், மெதுவாகப் போனால் மங்கும், நின்றால் அணையும். ரோடு மோசமாக இருக்கும்போதுதான் மெதுவாகப் போவோம், அப்போதுதான் வெளிச்சமும் அதிகம் வேணும். 1987 ஐப்பசியில் திருநெல்வேலி ஜங்ஷனில் ரெண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு கோபாலசமுத்திரத்துக்குத் திரும்பினேன். அன்றைக்கு மழை விட்டிருந்தது. பிராஞ்சேரி தாண்டி ரோடு அரித்துக் கிடந்ததால் உருட்டுகிற வேகத்தில்தான் போனேன். பல்பு, ஊதுபத்தி நுனி மாதிரி சிவந்து கிடந்தது. எருமை நின்றால் கண்ணாவது மினுங்கும். இது ரோட்டில் படுத்துக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. கருப்புத் தார், கருப்பு எருமை. அதன் மேலேயே ஏறி, அந்தப் பக்கம் போய் விழுந்தேன். எருமை எழுந்திரிக்கக்கூட இல்லை, திரும்பிப் பார்த்து ஒரு மூச்சு விட்டது, அவ்வளவுதான். முன் ரிம் எட்டுப் போட்டுவிட்டது. வீடு வரைக்கும் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

இப்போது அந்தக் குறைக்கு மருந்து வந்துவிட்டது. டைனமோவுக்கென்றே செய்த எல்.இ.டி. விளக்குகளில் சிலது உள்ளே ஒரு கெப்பாசிட்டரை வைத்திருக்கும். ஓடும்போது மின்சாரத்தைச் சேர்த்துவைத்து, நின்றபிறகும் சில நிமிஷம் எரியும். ஆனால் சாதாரண பேட்டரி எல்.இ.டி.யை டைனமோ ஒயரில் கோத்துவிடாதீங்க. டைனமோ தருவது ஏ.சி. கரண்ட், இறக்கத்தில் வோல்ட்டும் எகிறும். அந்தக் காலத்தில் இறக்கத்தில் பின்பல்பு போய்விட்டால், அதற்குண்டான கரண்டும் முன்பல்புக்கே வந்து அதையும் சுட்டுவிடும். பல்பு விற்று நான் கண்ட லாபத்தில் பாதி இறக்கம் தந்தது.

மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். டியூஷன் முடிந்து ராத்திரி எட்டரைக்கு ஜங்ஷனிலிருந்து ஆற்றுப்பாலம் வழியாகக் கொக்கிரகுளம் வருகிறாள். முன்னால் நீலமும் சிவப்புமாக மின்னுகிற லைட் கேட்கிறாள். வாங்கித் தரலாமா அண்ணாச்சி?
– ஒரு அம்மா, கொக்கிரகுளம்

வேண்டாம் தாயி. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. இதில் விளையாட்டுக் கூடாது. முன்னால் சிவப்பைப் பார்த்தால், வண்டி தன்னைவிட்டு விலகிப் போகிறது என்று எதிரே வருகிறவன் நினைத்துக்கொள்வான். மின்னுகிற லைட் பகலில் கவனத்தை இழுக்கும், அதுவரைக்கும் சரி. ராத்திரியில் அது அணைந்து அணைந்து எரிவதால், சைக்கிள் எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று பார்க்கிறவனுக்குப் பிடிபடாது. மேலே சொன்ன ஜெர்மன் சட்டத்தில் சைக்கிளுக்கு மின்னுகிற லைட்டே ஆகாது.

அவள் வருகிற அந்தச் சுலோசன முதலியார் பாலம் 1843-இல் திறந்தது. மாட்டுவண்டிக்குக் கட்டின பாலத்தில் இன்றைக்கு பஸ்ஸும் ஆட்டோவும் நெருக்கிக்கொண்டு போகிறது. அங்கே தெருவிளக்கு உண்டு, பிள்ளைக்கு ரோட்டைப் பார்க்க வெளிச்சம் குறைவில்லை. அவளை மற்றவங்க பார்க்கிறதுதான் முக்கியம். முன்னால் 150 லூமன் போதும். செலவை பின்பக்கம் பண்ணுங்க. நின்று எரிகிற சிவப்பு லைட் ஒன்று, கேரியருக்குக் கீழே சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒன்று. பையைக் கேரியரில் வைக்கும்போது லைட்டை மறைக்காத இடமாகப் பார்த்து மாட்டுங்க. இதை எல்லாரும் மறக்கிறார்கள். பெடலிலும் ரிஃப்ளெக்டர் இருந்தால் ரொம்ப நல்லது. மேலும் கீழும் ஆடுகிற ரெண்டு புள்ளியைப் பார்த்தாலே சைக்கிள் என்று டிரைவருக்குத் தெரிந்துவிடும்.

எதிரே ஹைபீம் அடித்துக்கொண்டு வந்தால் அதை முறைத்துப் பார்க்க வேண்டாம், இடது ஓரத்துக் கோட்டைப் பார்த்து ஓட்டச் சொல்லுங்க. கண் இருட்டுக்கு முழுசாகப் பழக அரைமணி நேரம் ஆகும், கூசிப்போக ஒரு நொடி போதும்.

வாழைக்குத் தண்ணி பாய்ச்ச ராத்திரி சைக்கிளில் போகிறேன். நெற்றியில் கட்டுகிற டார்ச்சையே சைக்கிளுக்கும் வைத்துக்கொள்ளலாமா?
– விவசாயி, கல்லிடைக்குறிச்சி

வாழைக்குள் நடக்க அது நல்லது, பாம்பு தெரியும். சைக்கிளுக்கு அது மட்டும் போதாது. நீங்கள் யாரைத் திரும்பிப் பார்க்கிறீர்களோ அவர் கண்ணுக்குள்தான் வெளிச்சம் போகும். வெளிச்சம் கண்ணுக்குப் பக்கத்திலிருந்தே கிளம்புவதால் பள்ளத்தின் நிழலும் சரியாகத் தெரியாது. லைட் தாழ இருந்தால் ஒரு சின்னக் கல்லுக்கும் நிழல் நீளும். ஹேண்டில் பாரைவிட முன்சக்கர ஃபோர்க் பக்கத்தில் மாட்டினால் குழி இன்னும் நன்றாகத் தெரியும். மழை பெய்த சாயங்காலம் நெற்றி டார்ச்சோடு போய்ப் பாருங்க, ஈசல் அவ்வளவும் வாய்க்குள்தான். பொரித்துத் தின்கிறவங்களுக்கு அது தோதுதான்.

குற்றாலச் சாரலில் லைட் தாங்குமா?
– வாசகர், தென்காசி

பெட்டியில் ஐ.பி.எக்ஸ். 4 என்று இருந்தால் எந்தப் பக்கத்திலிருந்து தெறித்தாலும் தாங்கும், சாரலுக்கு அது போதும். ஐ.பி.எக்ஸ். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் தாங்கும். சார்ஜ் போடுகிற ஓட்டையின் ரப்பர் மூடியைப் பிள்ளைகள் பிய்த்து எறிந்துவிட்டால் ரெண்டு எண்ணுக்கும் அர்த்தமில்லை.

அந்தக் காலத்தில் லைட் இல்லாமல் போனால் போலீஸ் பிடிக்குமாமே, நிஜமா?
– கல்லூரி மாணவர், மேலப்பாளையம்

நிஜம்தான் தம்பி. டபுள்ஸ் போனாலும் பிடிப்பாங்க. கேஸ் எழுத சோம்பல்பட்ட ஏட்டையா என்றால் ரெண்டு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிட்டு அனுப்பிவிடுவார். பம்ப் வைத்திருக்கிற கடைக்காரன் என்கிற முறையில் அந்த ஏட்டையாக்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. டைனமோ வாங்க வக்கில்லாத வயசில் நானே சிரட்டையில் ஓட்டை போட்டு, உள்ளே மெழுகுவர்த்தி நட்டு, ஹேண்டில் பாரில் கட்டிக்கொண்டு போயிருக்கிறேன். மறித்தவர் சிரட்டைக்குள் குனிந்து பார்த்தார். பீடியை அதிலேயே பற்றவைத்துக்கொண்டு, ‘போ லே’ என்று விட்டுவிட்டார்.